மினி டிராக்டருக்கு இன்ஜின் ஆயில் மாற்றுவது: எப்போது, எந்த ஆயில்?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் தோப்பில் ஓடுவது 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டர். மர வரிசைக்கு நடுவில் மண்ணைக் கிளற ரொட்டவேட்டர், டிரெய்லரில் தேங்காயும் மட்டையும், மரத்துக்கு மருந்தடிப்பு, இவ்வளவுதான் வேலை. ஹவர் மீட்டர் 690 காட்டுகிறது. கடைசியாக ஆயில் மாற்றியது 510-ல். ஆனால் அது முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

புத்தகத்தில் 250 மணிக்கு ஒரு தரம் என்று போட்டிருக்கிறது. 250 ஆகட்டும் என்கிறார் அப்பா. ஆயில் கருத்துவிட்டது, இப்போதே மாற்று என்கிறார் மெக்கானிக் சேட்டன். இந்தத் தடவை வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த ஆயில் வாங்குவது? கியர்பாக்ஸுக்கு வாங்கிய வாளியில் பாதி மிச்சம் இருக்கிறது, அதையே ஊற்றலாமா? பழைய ஆயிலை எடுத்த பிறகு டீசல் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார்களே, அவசியமா?

அப்புறம் இன்னொன்று. இன்ஜின் ஆயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலேயே ஒரு விரல்கடை ஆயில் நிற்கிறது. அதனால் ஆயில் குறையுமோ என்ற பயம் இல்லை.

மாந்தோப்பு (முதலமடை)

தம்பி, கம்பெனிக்காரன் 250 என்று போட்டால் 250தான். அவனுக்கு ஆயில் விற்றால்தான் லாபம், அவனே 250 என்கிறான், நாம் எதற்கு 180-லேயே கீழே ஊற்ற வேண்டும்? மாங்காய் விலை கிடந்த கிடையில் நான் ஒவ்வொரு டப்பாவுக்கும் கணக்குப் பார்க்கிறேன்.

மேக்காத்து (வேலந்தாவளம்)

முதலமடை அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. அதே புத்தகத்தில் அந்த 250-க்குப் பக்கத்திலேயே ‘அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், பாருங்க. தூசி அதிகமுள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர் தூசி இல்லாத இடமா? பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஆடிக் காற்றில் கரிசல் காட்டில் ரொட்டவேட்டர் விட்டால் டிராக்டரே கண்ணுக்குத் தெரியாது. அந்த மண்ணில் கொஞ்சம் ஏர் கிளீனரைத் தாண்டி உள்ளே போனாலும் ஆயிலில் சேர்ந்து பேரிங்கைத்தான் தேய்க்கும்.

சும்மா நிற்கும் வண்டிக்கும் ஆயில் கெடும். ரெண்டு டிரிப் மட்டை இழுத்துவிட்டு இன்ஜின் முழுச் சூடு ஏறும் முன்னாலேயே நிறுத்தினால், எரிந்த புகையில் உள்ள நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கும். தினம் நன்றாகச் சூடேறி ஓடும் வண்டியில் அது ஆவியாகிப் போய்விடும், தோப்பு வண்டியில் போகாது. எரிந்து மிஞ்சும் அமிலமும் அதோடு சேரும். அதற்குத்தான் வருடக் கணக்கு.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். கேபிளில் ஓடும் பழைய மீட்டர் என்றால் அது கடிகார மணி இல்லை. இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் அதில் ஒரு மணி ஒரு மணியாக ஏறும், ஐடிலில் ஓடினால் அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். மருந்தடிக்க மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு நிஜ மணி மீட்டரைவிட அதிகம். கரண்டில் ஓடும் புது மீட்டரில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆயில் கடை (பொள்ளாச்சி)

ஆயில் விஷயம் நான் சொல்கிறேன். இந்த வண்டிகளுக்கு 15டபிள்யூ-40, அது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ சிஎச்-4 அல்லது சிஐ-4 என்று தரக் குறியீடு இருக்க வேண்டும். சிஐ-4 என்பது 2002-ல் வந்த தரம், சிஎச்-4 அதற்கும் முந்தையது. புதிய தரம் பழையதற்குப் பதிலாகப் போடலாம், திருப்பிப் போடக் கூடாது. எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள், டப்பாவில் அந்த எழுத்து இருந்து சீல் உடையாமல் இருந்தால் போதும். டிரம்மில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை மட்டும் வாங்காதீர்கள், நானே கடைக்காரன், சொல்கிறேன்.

அதைவிட விலை கூடிய சிகே-4 ஆயிலைச் சிலர் தலையில் கட்டுவார்கள். அது புகைக்குழாயில் வடிகட்டி இருக்கும் இன்ஜினுக்காக வந்தது. 2023 ஜனவரியில் வந்த டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். உங்கள் வண்டியில் அந்த வடிகட்டியே கிடையாது.

வாளியில் மிச்சம் இருப்பது யூடிடிஓ ஆயிலாக இருக்கும். அது கியர், ஹைட்ராலிக், ஆயிலில் முங்கியிருக்கும் பிரேக், இந்த மூன்றுக்கும் பொதுவான ஆயில். இன்ஜினுக்கு வேண்டிய கரியைப் பிடித்து மிதக்க வைக்கும் சரக்கு அதில் இல்லை. ஊற்றவே ஊற்றாதீர்கள். எஸ்டிஓயூ என்று இன்னொரு வகை உண்டு, அது இன்ஜின் முதல் கியர்பாக்ஸ் வரை எல்லாவற்றுக்கும் ஆகும். உங்கள் வாளியில் அப்படி எழுதியிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கதி. எல்லை தாண்டி வந்து டீசல் அடிக்கிறீர்கள், லிட்டருக்கு மிச்சம், சரி. ஆயிலுக்காக யாரும் தாண்ட வேண்டாம். அது ஜிஎஸ்டியில் இருக்கிறது, ரெண்டு பக்கமும் ஒரே 18 சதவீதம்.

மாந்தோப்பு (முதலமடை)

கடைக்காரரே விலை கூடியது வேண்டாம் என்கிறார், இன்றைக்கு மழை வரும்.

ஆனைமலை அக்கா

தம்பி, வீட்டிலேயே தாராளமாக மாற்றலாம். தென்னைக்குள் கோகோ போட்ட பிறகு இந்த வேலைக்கு ஆள் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

மட்டமான களத்தில் நிறுத்துங்க, தோப்புக்குள் வேண்டாம். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி விடுங்க, ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்க. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு நிறுத்துங்க. சூடாக இருந்தால்தான் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு வரும். ரொம்பக் கொதிக்கவும் கூடாது, கை வெந்துவிடும். மேலே ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்க, கீழே வேகமாக இறங்கும். வாய் அகன்ற பிளாஸ்டிக் பேசினை வைத்து, போல்ட்டை ரிங் ஸ்பேனரில் இளக்கி, கடைசிப் புரியைக் கையால் கழற்றுங்க. முதல் பாய்ச்சல் நேராகக் கீழே விழாது, முன்னால் தள்ளி அடிக்கும். பேசினை அதற்கேற்ப நகர்த்தி வைக்க வேண்டும்.

சொட்டு நிற்கும் வரை விடுங்க, அவசரம் வேண்டாம். அதற்குள் பில்டரைக் கழற்றுங்க. இறுகியிருந்தால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் பிடி கிடைக்கும், இல்லாவிட்டால் பில்டர் ஸ்பேனர். கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று கட்டாயம் பாருங்க. சில நேரம் அது இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் புதுசை மாட்டினால் வண்டி ஓடும்போது மொத்த ஆயிலும் பீய்ச்சி அடித்துவிடும். உட்காரும் இடத்தைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாசர் போடுங்க. போல்ட்டைப் பலம் காட்டி முறுக்க வேண்டாம், ஆயில் சட்டியில் புரி போனால் செலவு எங்கேயோ போகும்.

புத்தகத்தில் உள்ள அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி ஸ்டிக் பாருங்க. இந்த சைஸ் வண்டிக்கு மொத்தமே மூன்று நான்கு லிட்டர்தான் பிடிக்கும், ஐந்து லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிடக் கூடாது. ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் செல்ப் அடித்தால் இன்ஜின் பிடிக்காமல் சுற்றும், ஆயில் பில்டருக்குள் ஏறும். அப்புறம் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்க. ஆயில் லைட் அணைய வேண்டும், பில்டர் ஓரத்தில் கசியக் கூடாது. நிறுத்தி, ஆயில் கீழே இறங்க அவகாசம் கொடுத்து மறுபடி ஸ்டிக் பார்த்தால், பில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும். அதை மட்டும் ஊற்றினால் வேலை முடிந்தது.

கேஜ்வீல் (சித்தூர்)

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கருத்துப் போனதால் மாற்றுவது என்றால் மாசம் ஒரு தரம் மாற்ற வேண்டியிருக்கும். டீசல் இன்ஜினில் புது ஆயில் கொஞ்ச நேரம் ஓடினாலே கருக்கும், கரியை அது சுமக்கிறது என்று அர்த்தம். டீசல் ஊற்றிக் கழுவுவது எங்கள் அப்பா காலத்துப் பழக்கம். அதை முழுக்க வடிக்க முடியாது, மூலையில் தங்கியது புது ஆயிலோடு கலந்து அதை நீர்க்க வைக்கும். தேவையே இல்லை.

எங்களுக்குச் சேற்று உழவு. தூசி இல்லை, ஆனால் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி நாளெல்லாம் முழு லோடில் ஓடும். நான் 200-ல் மாற்றிவிடுகிறேன்.

கோபாலபுரம் பட்டறை

எல்லோரும் ஆயில் பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி முதல் பதிவின் கடைசியில் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை நிற்கிறதாம். 180 மணி ஓடிய இன்ஜினில் ஆயில் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும், ஏறக் கூடாது.

தம்பி, நடுவில் யாராவது ஆயில் ஊற்றினார்களா? ஸ்டிக் பார்த்தது மட்டமான இடத்திலா? ரெண்டும் தெரியும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

அண்ணா, களத்தில் சிமெண்ட் தரையில் நிறுத்தித்தான் பார்த்தேன். யாரும் ஊற்றவில்லை, அப்பாவையும் ஓட்டுகிறவரையும் கேட்டுவிட்டேன். பொங்கல் சமயத்தில் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது என்று ஓட்டுகிறவர் சொல்கிறார். நிறைய இருந்தால் நல்லது என்றுதான் இருந்தோம். பயமுறுத்துகிறீர்களே.

கோபாலபுரம் பட்டறை

பயப்பட வேண்டியதுதான். மட்டம் மிஞ்சினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் சரியாகத் தள்ளாது. சீல்கள் கசியும். இன்னும் மோசமானது, இன்ஜின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் காற்றுக்குழாய்க்குப் போய் இன்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்து ஓட ஆரம்பிக்கும். அப்போது ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று போகும் வாயைப் பலகை வைத்து அடைப்பது ஒன்றுதான் வழி. கையை வைக்காதீர்கள்.

ஏறியது மூன்றில் ஒன்று. ரேடியேட்டர் தண்ணீர் என்றால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். டீசல் என்றால் வாடை வரும், விரலில் தேய்த்தால் நீர்த்திருக்கும். ஒரு டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விட்டு வையுங்க. நடுவில் கருப்பும், அதைச் சுற்றி நிறமில்லாமல் பரவும் வளையமும் தெரிந்தால் டீசல். டீசலைப் பீய்ச்சும் நாசில் சொட்டும், அல்லது டீசல் பம்ப் உள்ளே கசியும். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன், முதலில் இதைப் பாருங்க.

மாந்தோப்பு (முதலமடை)

டீசல்தான், வேறென்ன. நாசிலைக் கழற்றிப் பாலக்காட்டில் டெஸ்ட் செய்யக் கொடுத்துவிடு தம்பி.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

பார்த்தேன்ங்க. ரேடியேட்டரில் தண்ணீர் மட்டம் அப்படியே இருக்கிறது. ஆயில் கருப்புதான், பால் நிறம் இல்லை. டீசல் வாடை எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. பேப்பரில் வளையம் வரவில்லை. ஸ்டார்ட் ஆவதிலும் புகையிலும் எந்தக் குறையும் கிடையாது.

கோபாலபுரம் பட்டறை

சரி, அப்படியானால் மூன்றாவது. கியர்பாக்ஸ் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்க. பின்னால் ரொட்டவேட்டரைத் தூக்கும் லிப்ட் எப்படி ஏறுகிறது?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

கியர்பாக்ஸ் ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கும் கீழே போய்விட்டது! தரையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. லிப்ட் கொஞ்ச நாளாக உதறி உதறித்தான் ஏறுகிறது, ஒரு விசில் சத்தமும் வரும். ரொட்டவேட்டர் எடை என்று விட்டுவிட்டோம். ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

கோபாலபுரம் பட்டறை

உண்டு. இந்த மாதிரி சின்ன வண்டிகள் பலவற்றில் லிப்டை ஏற்றும் ஹைட்ராலிக் பம்ப் இன்ஜினின் முன் பக்கம் டைமிங் கியர் மூடியில்தான் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் கியர்தான் அதைச் சுற்றும். பம்ப்பின் ஒரு பக்கம் கியர்பாக்ஸ் ஆயில், மறுபக்கம் இன்ஜின் ஆயில், நடுவில் இருப்பது ஷாப்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் மட்டும்தான். அந்த உதடு காய்ந்தாலோ தேய்ந்தாலோ கியர்பாக்ஸ் ஆயில் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கும். வெளியே சொட்டாது, அதனால் யாருக்கும் தெரியாது. கியர்பாக்ஸில் மட்டம் குறையக் குறையப் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அந்த விசிலும் உதறலும் அதனால்தான்.

இப்போது உங்கள் இன்ஜினில் ஓடுவது யூடிடிஓ கலந்த ஆயில். சூட்டில் அது 15டபிள்யூ-40 ஆயிலைவிட இளகிவிடும், பிரஷர் குறையும். டீசல் கலந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஆயிலை மாற்றினால் மட்டும் சரியாகாது, மறுபடி ஏறும். பம்ப்பைக் கழற்றி சீல் கிட் போட வேண்டும். ஷாப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. லேசான பள்ளம் என்றால், இடம் இருந்தால், சீலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்து உதடு புது இடத்தில் படும்படி செய்வோம். உள்ளே ஷாப்டைத் தாங்கும் புஷ் ஆடினால் சீலைப் பற்றிப் பேசாதீர்கள், பம்ப்பே மாற்ற வேண்டியதுதான்.

கேஜ்வீல் (சித்தூர்)

எங்கள் பக்கத்து வயல்காரர் வண்டியில் இது தலைகீழாக நடந்தது. இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே போனது, ஆயில் குடிக்கிறது, ரிங் போய்விட்டது என்று இன்ஜினையே பிரித்தார்கள். கடைசியில் பார்த்தால் அந்த ஆயில் இந்த பம்ப் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போயிருந்தது. புகை வராமல் ஆயில் குறைந்தால் ரிங்கைச் சந்தேகப்படும் முன் மற்ற ஸ்டிக்கையும் பாருங்கள்.

கோபாலபுரம் பட்டறை

ஆமாம், கியர்பாக்ஸ் ஆயில் பம்ப்புக்குத் தாழ்வாக இருக்கும் வண்டிகளில் பம்ப் இழுக்கும்போது அப்படியும் நடக்கும்.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

வேலை முடிந்ததுங்க. சேட்டன் வீட்டுக்கே வந்து பம்ப்பைக் கழற்றினார். சீல் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஷாப்டில் லேசான கோடு, பள்ளம் இல்லை, புஷ் ஆடவில்லை. பட்டறை அண்ணன் சொன்னதைப் போனில் காட்டினேன். “ஆள் அறிஞ்ஞவன்” என்று சொல்லிவிட்டு சீலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்தார்.

இன்ஜினில் இருந்து வடிந்த ஆயிலை அளந்தோம், புத்தகத்தில் இருப்பதைவிட ஒரு லிட்டருக்கு மேல் அதிகம். அக்கா சொன்ன வரிசையிலேயே பில்டர், வாசர், சிஐ-4 ஆயில் எல்லாம் ஆயிற்று. பில்டர் ரப்பர் நிஜமாகவே இன்ஜின் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது! கியர்பாக்ஸுக்கு அந்த மிச்ச வாளி ஆயிலை ஊற்றினோம். மூன்று நாள் ரொட்டவேட்டர் ஓட்டிப் பார்த்ததில் ரெண்டு ஸ்டிக்கும் அசையவில்லை, லிப்ட் உதறல் இல்லை.

ஆனைமலை அக்கா

நல்லது. இந்த இன்ஜின் ஆயிலை மட்டும் சீக்கிரம் ஒரு தரம் மாற்றிவிடு தம்பி, 50 மணியில். மூலை முடுக்கில் தங்கிய பழசு இதில் கலந்திருக்கும். ரேடியேட்டர் வலையையும் பார், தோப்பு வண்டியில் மட்டைத் தும்பும் நார்த்தூளும் அடைத்துச் சூடு ஏற்றும். ஏர் கிளீனர் ஆயில் கிண்ண வகை என்றால் அதையும் கழுவி, அதே இன்ஜின் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்று.

மாந்தோப்பு (முதலமடை)

டீசல்தான் என்று அடித்துச் சொன்னேன், போகட்டும். தம்பி, அந்தப் பழைய ஆயிலைக் கீழே ஊற்றிவிடாதே, எனக்குக் கொடு. வேலிக்கால் அடியில் தடவினால் கரையான் ஏறாது.

ஆயில் கடை (பொள்ளாச்சி)

அண்ணா, கரையானுக்கு நிற்கும், ஆனால் மழையில் அது மண்ணில் இறங்கும். உங்கள் வேலிக்குப் பக்கத்தில்தானே கிணறு? பழைய ஆயிலில் உலோகத் தூளும் கரியும் இருக்கிறது. மாட்டுப் புண்ணுக்கும் உண்ணிக்கும் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 2016 விதிப்படி அது அபாயக் கழிவு. பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் பொறுப்பை 2024 ஏப்ரலில் இருந்து ஆயில் கம்பெனிகள் மேலேயே வைத்திருக்கிறார்கள். மூடி போட்ட கேனில் சேர்த்து, சேகரிக்க உரிமம் உள்ளவர் வந்து எடுக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்க.

மாந்தோப்பு (முதலமடை)

கிணறு இருபதடி தள்ளி இருக்கிறது. சரி, வேலிக்குக் கல்லுக்கால் பார்க்கிறேன்.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

கேனில்தான் வைத்திருக்கிறேன், பொள்ளாச்சி வரும்போது கொண்டு வருகிறேன். பட்டறை அண்ணா, ஒரே ஒரு கேள்வி. ஹைட்ராலிக்குக்குத் தனி பில்டர் இருக்கிறதாமே? சேட்டன் அதைத் தொடவில்லை.

கோபாலபுரம் பட்டறை

இருக்கும். பம்ப்புக்குப் போகும் குழாய் வழியில் பாருங்க, சில வண்டியில் கழுவும் வலை, சிலதில் இன்ஜின் பில்டர் மாதிரியே திருகும் பில்டர். பம்ப் காற்றை இழுத்து ஓடியிருப்பதால் மாற்றிவிடுவது நல்லது. கழற்றும்போது கியர்பாக்ஸ் ஆயில் கொட்டும், பேசினை முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்க. மாற்றியதும் லிப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, லிப்டின் கைகளை இறக்கிய நிலையில் வைத்து கியர்பாக்ஸ் ஸ்டிக் பாருங்க. ஏற்றிய நிலையில் பார்த்தால் மட்டம் குறைவாகக் காட்டும்.